எனக்கு முந்திப் போனவரின் கார்

2002ஆம் ஆண்டு, பங்குனி மாதத்தின் இரண்டாவது கிழமை. மொன்றியலில் தெருவோரப் பனிக்குவியல்கள் கறுத்து இறுகிக் கிடந்த ஒரு காலையில், நானும் என் மனைவியின் தம்பியும் ஒரு சிறிய காரில் மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டோம். கார் என் மனைவியுடையது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், ஐப்பசியில், அவர் இறந்திருந்தார். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரு பிழையையும், முன்பின் அறியாத ஒரு பெண் அதிலிருந்து என்னைக் கரையேற்றிய விதத்தையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

மெக்சிக்கோ எதற்கு என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். காரணம் எளியது. என் மனைவி டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்கு உணவு பொதி செய்யும் பிரிவில் வேலை செய்தார். பார்க் எக்ஸ்ரென்சனில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு மெக்சிக்கோப் பெண் இருந்தார். அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்தவர். அவருக்கும் அதே இடத்தில், அதே அதிகாலை நேரத்தில் வேலை. ஐம்பது வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, தன் உழைப்பில் அந்தக் காரை வாங்கிய என் மனைவி, நான்கு ஆண்டுகள் அந்தத் தோழியைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். இருவருக்கும் பொதுவாக எந்த மொழியும் முழுமையாக இருக்கவில்லை. அரசாங்கம் நடத்திய மாலை வகுப்பில் ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்த பிரெஞ்சு மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கணவன்மாரைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்பதை, ஒருநாள் அதே காரின் பின்னிருக்கையில் இருந்து போனபோது அறிந்துகொண்டேன்.

2001 வைகாசியில் தோழியின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அவர் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. விமான நிலையத்தில் விடைபெறும்போது என் மனைவி அவரிடம், "அழாதே. இந்தக் காரிலேயே உன்னுடைய வீட்டுக்கு வருவேன். என் கணவர் எஞ்சினியர். ஆபத்தில்லாத பாதை போட்டுத் தருவார்" என்றார். மறுநாளே என்னிடம் அந்தப் பாதையைக் கேட்டார். ஆனியில் ஓய்வு பெற்றதும் போடுகிறேன் என்றேன். ஆனியில் ஓய்வு பெற்றேன். ஆடியில் நோய் தெரிந்தது.

"அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவளே மனம் முறிஞ்சுபோய்ப் போனவள். நான் எழும்பின பிறகு நானே சொல்லுறன்" என்று மருத்துவமனையில் ஒருமுறை சொன்னார். அதனால் தோழிக்கு எதுவும் அறிவிக்கவில்லை. ஐப்பசியில் எல்லாம் முடிந்த பின்னர், பழைய வீட்டையும் பழைய தொலைபேசி இணைப்பையும் விட்டுவிட்டு, கர்க்லாண்டில் இருக்கும் மகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். காரும் என்னோடு வந்தது. அதை என் பெயருக்கு மாற்றும்படி வந்த கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். பிறகு அந்த லாச்சியைத் திறக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு கோப்பைத் திறந்தேன். நான் பொறியியலாளன். இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும், பின்னர் லொங்குய்யில் ஒரு பொறியியல் அலுவலகத்திலுமாகத் தண்ணீர் எந்த வழியால் போக வேண்டும் என்று தீர்மானித்தே என் வாழ்நாள் கழிந்தது. நாலாயிரம் கிலோமீற்றர் தெருவைத் தாளில் இறக்குவது எனக்குக் கடினமான காரியமல்ல. ஒரு நாளில் எவ்வளவு தூரம், எந்த ஊரில் தங்குவது, எங்கே எண்ணெய் மாற்றுவது என்று எழுதினேன். எங்கள் காப்புறுதி மெக்சிக்கோவின் எல்லைக் கோட்டோடு நின்றுவிடும் என்பதையும், அங்கே செல்லுபடியாகும் காப்புறுதியை எல்லைக்கு இப்பாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் விசாரித்து அறிந்தேன். சுங்கம் கட்டிப் போகும் நெடுஞ்சாலையே பாதுகாப்பானது. பொழுதுபட்ட பின் ஓடக்கூடாது, மாடுகள் தெருவில் நிற்கும், வேகத்தடைகளுக்கு விளக்கிராது. எரிபொருள் பாதியாகும்போதே நிரப்பிவிட வேண்டும். கடவுச்சீட்டு, கார்ப் பதிவு, விவாகச் சான்றிதழ் அனைத்துக்கும் மூன்று பிரதிகள், மூன்று வெவ்வேறு இடங்களில். நூலகத்திலிருந்து ஒலிநாடாக்கள் எடுத்து ஸ்பானிய மொழியும் படித்தேன்.

வெளிநாட்டுக் காரை எல்லை நகரத்துக்கு அப்பால் கொண்டுபோக ஓர் அனுமதிப்பத்திரம் வேண்டும். கார் யாருடைய பெயரில் உள்ளதோ அவர் அதைப் பெறலாம். அல்லது அவருடைய கணவனோ மனைவியோ, விவாகச் சான்றிதழைக் காட்டிப் பெறலாம். இந்த விதியை வாசித்ததும் எனக்குத் திருப்தியாயிற்று. கார் என் மனைவியின் பெயரில் இருந்தது. விவாகச் சான்றிதழ் என்னிடம் இருந்தது. விதிக்கு நேரே சரி அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மகள் உடன்படவில்லை. "அப்பா, பிளேனில போனா அரைநாள். அன்ரியைப் பாத்திட்டு வாறதெண்டா அப்பிடிப் போட்டு வாங்கோ" என்றாள்.

"அம்மா சொன்னது காரில வாறன் எண்டு."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. தனியே போகக்கூடாது என்ற ஒரு நிபந்தனையை மட்டும் வைத்தாள். டோர்வலில் விமானப் பொதிகள் ஏற்றும் வேலை செய்யும் என் மைத்துனர் உடனே விடுமுறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்காவின் காரை அத்தான் ஒரு ஆளாக ஓட்டிக்கொண்டு போக, தான் வீட்டில் இருக்க முடியாது என்றார். வந்தவர் என் கோப்பைத் தூக்கி எடை பார்த்தார்.

"அத்தான், இது பயணமோ, இல்லாட்டிக் குளம் கட்டுற திட்டமோ?"

"நாலு பக்கத்தையும் யோசிச்சுத்தான் போகவேணும். நீரும் ஒருக்கா வாசிச்சுப் பாரும்."

"நான் என்னத்துக்கு? அங்க எங்களை ஆரும் கடத்தினா, கடத்தினவன்தான் பாவம். அவனுக்கும் நீங்கள் மூண்டு பிரதி எடுத்துக் குடுப்பியள்."

தை மாதத்தில் தோழிக்குக் கடிதம் எழுதினேன். என் மனைவிக்காக அவருக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் நானே. என் பெயரில் எழுதியது அதுவே முதல்முறை. அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று நெடுநேரம் யோசித்தேன். எங்களில் யாரும் அதை அதற்குரிய சொல்லால் சொல்வதில்லை. காலமானார் என்போம், தவறிவிட்டார் என்போம், மோசம் போய்விட்டார் என்போம். கணவனுக்கு முன் மனைவி போனால், "அவ முந்திவிட்டா" என்போம். அதிலே துக்கமும் இருக்கும், கொடுத்துவைத்தவர் என்ற ஆறுதலும் இருக்கும். அதையே பிரெஞ்சில் எழுதினேன். "அவர் எனக்கு முந்திப் போய்விட்டார். நான் பங்குனியில் அவருடைய காரில் வருகிறேன்." நாகரிகமான வாக்கியம் என்றே எண்ணினேன். 

மாசியில் பதிலாக ஓர் அட்டை வந்தது. காத்திருக்கிறேன், கட்டில்கள் போட்டாயிற்று, அவருக்கென்று ஒரு தேநீர்க் கோப்பையும் வாங்கி வைத்திருக்கிறேன் என்று எழுதி, தன் தொலைபேசி எண்ணையும் கீழே குறித்திருந்தார். துக்கத்தை இவ்வளவு அடக்கமாகச் சொல்லத் தெரிந்த பெண் என்று வியந்தேன். அட்டையைக் கோப்பில் வைத்தேன்.

பயணம் திட்டப்படியே நடந்தது. ஒரே ஒரு தாமதம், டெட்ரோயிட் எல்லையில். அந்த ஆண்டில் எங்கள் நிறத்தவரை எந்த எல்லையிலும் யாரும் விரைவாக விடவில்லை. மனைவியின் கார் என்றால் அதில் ஏன் உங்கள் குடும்பப் பெயர் இல்லை என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். கியூபெக்கில் மணமான பெண்ணும் தன் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்க வேண்டும் என்பதை விளக்க முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. "அத்தான்ர ஃபைலை முழுக்க வாசிக்கப் பஞ்சியில, அலுப்புப்பட்டுத்தான் விட்டவன்" என்பது மைத்துனரின் கருத்து. ஆர்கன்சோவில் ஒரு மோட்டல் அறையில் அவர் ரைஸ் குக்கரை வைத்துவிட்டுச் செத்தல் மிளகாய் பொரிக்கத் தொடங்க, புகைமணி அலறி, பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது நான். மிளகாயைப் பொரித்து முடித்தது அவர்.

ஆறாம் நாள் முற்பகல் பதினொரு மணியளவில், லரேடோவில் பாலத்தைக் கடந்து மெக்சிக்கோவுக்குள் நுழைந்தோம். தோழி இருந்த சல்தியோ என்ற மலையடி நகரத்துக்கு அங்கிருந்து நான்கு மணித்தியாலம். பொழுதுபட முன் போய்விடலாம். வாகன அனுமதி கொடுக்கும் மண்டபத்தில் வரிசையில் நின்று, எங்கள் முறை வந்ததும் கோப்பைத் திறந்து வைத்தேன்.

அங்கே இருந்தவர் ஏறக்குறைய ஐம்பது வயதுப் பெண். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஆங்கிலம் ஓரளவு பேசினார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவருவதில்லை என்றார். பெயர்களை ஒப்பிட்டபோது நான் கியூபெக் சட்டத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் கையால் மறித்தார்.

"எனக்கு விளக்க வேண்டாம். எங்கள் நாட்டிலும் கலியாணம் முடித்ததற்காக ஒருத்தி தகப்பனின் பெயரை விட்டுவிடுவதில்லை."

நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒருவர் இதைச் சொல்லக் கேட்டது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில், முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டே அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு, படித்த ஸ்பானிய மொழியிலேயே பதில் சொல்லத் துணிந்தேன். மனைவி உங்களோடு வரவில்லையா என்று கேட்டார். "அவர் எனக்கு முந்திப் போய்விட்டார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. முத்திரையைக் கீழே வைத்தார்.

"அப்படியா! உள்ளே வந்துவிட்டாரா? எப்போது? எந்தப் பாலத்தால் வந்தார்? காரின் சொந்தக்காரர் நாட்டுக்குள்ளே இருந்தால் அவரே வந்து கையெழுத்துப் போடுவது நல்லது. தூரம் போயிராவிட்டால் கூப்பிடுங்கள், நான் இந்தத் தாள்களை எடுத்து வைக்கிறேன்."

மைத்துனர் என் முழங்கையைத் தொட்டார்.

"என்னவாம் அத்தான்?"

"உம்முடைய அக்கா எந்தப் பாலத்தால வந்தவ எண்டு கேக்கிறா."

மிகத் தாழ்ந்த குரலில், "வீட்டில நிக்கிறா எண்டு சொல்லுங்கோ. பேப்பர் எல்லாம் சரிதானே. முத்திரை குத்தி விட்டிடுவா. அக்கா ஒண்டும் நினைக்கமாட்டா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஒரு பொய் போதுமாக இருந்தது, அதுவும் சிறிய பொய். முத்திரை மேசையில் இருந்தது. நான்கு மணித்தியாலத்தில் என் மனைவி சொன்ன வாசலில் அவருடைய கார் நிற்கும். நான் தயங்கியது நேர்மையினால் என்று சொல்லிக்கொள்ள விருப்பம்தான். ஆனால் அது நேர்மை அல்ல. அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது கடிதம். நான் தை மாதத்தில் பிரெஞ்சில் எழுதியதும் இதே வாக்கியம். தோழி அதை எப்படி வாசித்திருப்பார்? மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சில், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எண்ணி வாசித்திருப்பார். முந்திப் போய்விட்டார் என்றால், முதலில் புறப்பட்டுவிட்டார், பங்குனிக்குள் வந்துசேர்வார் என்று. கட்டில்கள் போட்டாயிற்று. அவருக்கென்று ஒரு கோப்பை. அந்த அட்டையில் துக்கமே இருக்கவில்லை. துக்கம் இருப்பதாக நான் வாசித்திருந்தேன்.

ஐந்து மாதத்தில் முதல் முறையாக, ஆங்கிலத்தில், அந்தச் சொல்லைச் சொன்னேன். "என் மனைவி இறந்துவிட்டார்" என்றேன். சொற்களஞ்சியம் நிறைந்த அந்த ஒலிநாடாக்கள் ஒன்றிலும் அதற்கான ஸ்பானியச் சொல் இருக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு அது தேவைப்படுவதில்லை போலும்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். தன் அனுதாபத்தைச் சொன்னார். பிறகு, தயங்கித் தயங்கி, விவாகச் சான்றிதழை என் பக்கம் நகர்த்தினார். மனைவி உயிரோடு இருந்தால்தான் இந்தத் தாளை வைத்துக் கார் எடுத்துப் போகலாம், இறந்தவரின் பெயரில் உள்ள காருக்குத் தன்னால் அனுமதி எழுத முடியாது என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. மூன்று பிரதி எடுத்த மனிதன் ஒரு பிரதியும் எடுக்காத ஒரே தாள், மரணச் சான்றிதழ். சட்டத்தின் கண்ணில் ஐந்து மாதமாக நான் கணவன் அல்ல என்பதை, நான்கு மாதமாக அந்தக் கோப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாளாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணாமல் இருப்பதற்காகவே கோப்பைத் தயாரித்தேன் என்பது இன்று தெரிகிறது.

நான் அனுமதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சல்தியோவில் ஒரு பெண் என் மனைவிக்காகக் காத்திருக்கிறார், அவருக்கு நான் தவறான செய்தி கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லி, அட்டையை எடுத்துக் காட்டினேன். ஏன் அதை அவரிடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பின்னால் வரிசை நீண்டு நின்றது. அவர் அட்டையை வாசித்தார். பிரெஞ்சு அவருக்கு அரைகுறையாகப் புரிந்திருக்க வேண்டும்.

"இதைப் போய் வாசலில் நின்றா சொல்லப் போகிறீர்கள்? உங்கள் ஸ்பானிய மொழியிலா?"

"வேறு வழி தெரியவில்லை."

"நான் சொல்லட்டுமா?"

தலையசைத்தேன். அவர் அடுத்த மேசைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, தொலைபேசியை அருகே இழுத்து, அட்டையில் இருந்த எண்ணை அழுத்தினார்.

அவர் பேசியதில் எனக்குச் சில சொற்களே புரிந்தன. தன்னை யாரென்று அறிமுகம் செய்தார். தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்டார். உட்காருங்கள் என்றார். அந்தச் சொல் என் ஒலிநாடாவில் இருந்தது. பிறகு மிகச் சிறிய ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அதில் என் மனைவியின் பெயர் இருந்தது. அதைச் சரியாக உச்சரிக்க முயன்றார்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். இடையிடையே "ஆம்" என்று மட்டும் சொன்னார். வரிசையில் நின்ற ஒரு லொறிச் சாரதி முணுமுணுக்கத் தொடங்கினார். அலுவலர் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார். மண்டபம் அமைதியாயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதையும் மணி பார்த்துக் குறிக்கும் வழக்கமுள்ள நான் அன்று குறிக்கவில்லை. மறுமுனையில் இருந்தவர் பேசத் தொடங்கும்வரை அவர் அப்படியே இருந்தார்.

பிறகு தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார். "இரண்டு கிழமையாக அவர் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பார்த்து வந்திருக்கிறார். உங்கள் பழைய நம்பருக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லையாம். இப்போது கார் எங்கே என்று கேட்கிறார்."

"வெளியே நிற்கிறது. அது அங்கே வராது என்று சொல்லுங்கள்."

"காரை இங்கே ஒரு காவலுள்ள இடத்தில் விட்டுவிட்டு, நீங்கள் பேருந்தில் போகலாமே. நல்ல பேருந்துகள் ஓடுகின்றன."

காரில் வருவதாகவே என் மனைவி சொல்லியிருந்தார் என்றேன். அலுவலர் என்னைப் பார்த்தார். பிறகு என் கோப்பிலிருந்த வரைபடத்தை இழுத்தெடுத்தார். நான் நீல மையால் கோடு போட்டிருந்த நெடுஞ்சாலையில், எல்லையிலிருந்து சற்றுத் தொலைவில், சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு சிறு கோடு போட்டார். அங்கேதான் அனுமதிப்பத்திரத்தைச் சோதிக்கும் சாவடி. அதற்கு இப்பால் இருபத்தைந்து கிலோமீற்றருக்கு, தான் கொடுக்கும் அனுமதித் தாளை யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

"உங்கள் மனைவியின் கார் அங்கே போக முடியாது, சரி. அந்தப் பெண் இங்கே வரலாம்தானே? இவ்வளவு பெரிய கோப்பில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லையா?"

இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியை மட்டுமே நான் வரைந்திருந்தேன். அங்கே இருப்பவரும் புறப்பட்டு வரக்கூடும் என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை. அமெரிக்காவுக்குள்ளும் கனடாவுக்குள்ளும் அவரால் வர முடியாது. அந்தக் காரால் சாவடிக்கு அப்பால் போக முடியாது. இரண்டும் சந்திக்கக்கூடிய நிலம் உலகத்தில் அந்த இருபத்தைந்து கிலோமீற்றர் மட்டுமே. அலுவலர் ஒரு நிமிடம் தொலைபேசியில் பேசி, சாவடிக்கு இப்பால் பேருந்து நிற்கும் உணவகம் ஒன்றின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். ஐந்து மணிக்கு முன் வந்துவிடுவார் என்றார். எனக்குப் பின்னால் நின்ற லொறிச் சாரதியைக் கூப்பிட்டார்.

உணவகத்தின் முன்னால் காரை நிறுத்திவிட்டு நாங்கள் காத்திருந்தோம். மைத்துனர், "அக்கா இருந்தா இப்ப விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. நாலு மாசம் திட்டம் போட்டு, அத்தான் மெக்சிக்கோவில இருபத்தஞ்சு கிலோமீற்றர் ஓடினவர் எண்டு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

நான்கரை மணிக்குப் பேருந்து வந்தது. தோழி கையில் துணியால் மூடிய ஓர் உணவுப் பாத்திரத்தோடு இறங்கினார். எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை. நேரே காரிடம் வந்தார். முன்கதவைத் திறந்து, தான் வழக்கமாக இருக்கும் இருக்கையில் இருந்து, ஆசனப் பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டார். நான் சாரதி இருக்கையில் ஏறினேன். மைத்துனர் பின்னால் ஏறினார்.

"சொல்லுங்கள்" என்றார் பிரெஞ்சில்.

சொன்னேன். ஆடியில் வந்த முதல் வலியிலிருந்து கடைசி நாள்வரை, எதையும் சுற்றிச் சொல்லாமல் சொன்னேன். இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். வலி அதிகமா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? சாப்பிட்டாரா? தன்னைக் கேட்டாரா? கேட்டார், ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. கையால் காரின் முன்பலகையில் ஓங்கி அடித்தார்.

"நான் வந்திருப்பேனே!"

"உங்களுக்கு விசா தந்திருக்கமாட்டார்கள்."

"தரமாட்டார்கள்! ஆனால் நான் கேட்டிருப்பேன்!"

பிறகு தெருவைக் காட்டி, "ஓட்டுங்கள்" என்றார். சாவடிவரை போய்த் திரும்பி, நகரத்தின் விளிம்புவரை வந்து, மறுபடியும் சாவடிவரை ஓட்டினேன். தெருவின் இருபுறமும் முட்செடி நிறைந்த வெறும் தரை. அவர் ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டு, டோர்வலில் நடந்த பழைய கதைகளைச் சொன்னார். உணவுத் தட்டுகளை மாற்றி அடுக்கிவிட்டு என் மனைவி மேற்பார்வையாளரையே குற்றவாளியாக்கிய ஒரு கதை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மைத்துனருக்கு அதை நான் மொழிபெயர்த்தேன். "அக்காதான், அக்காவேதான்" என்று அவர் பின்னிருக்கையில் கையைத் தட்டினார். சூரியன் இறங்க முன் தோழியை அந்நகரில் இருந்த அவருடைய உறவினர் வீட்டில் விட்டோம். இறங்கியவர் கார்க்கதவை மெதுவாகச் சாத்தி, அதன் மேல் சற்றுநேரம் கையை வைத்திருந்தார்.

மறுநாள் காலை, அலுவலருக்கு நன்றி சொல்ல மண்டபத்துக்குப் போனேன். அந்த மேசையில் வேறொருவர் இருந்தார். கண்ணாடிச் சங்கிலி அணிந்த அம்மையார் என்று கேட்டேன். இன்று அவருக்கு விடுமுறை, நாளையும் வரமாட்டார் என்றார். பெயரைக் கேட்க நினைத்தேன். வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்ததால் விலகி வந்துவிட்டேன்.

மொன்றியலுக்குத் திரும்பிய கிழமையே லாச்சியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். உரிமம் மாற்றும் அலுவலகத்தில், காரின் சொந்தக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்ட இளம் பெண்ணுக்கு, ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடிந்தது.

எங்கள் மக்கள் உலகமெங்கும் சிதறிப்போயிருக்கிறார்கள். ஒரு சாவு நடந்தால், எங்கோ தொலைவில் இருக்கும் ஒருவருக்கு அதை அறிவிக்கும் பொறுப்பு என் போன்ற முதியவர்களிடம்தான் வருகிறது. அப்போது நான் கடிதம் எழுதுவதில்லை. தொலைபேசியில் அழைத்து, தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்டு, உட்காரச் சொல்லி, இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்கிறேன். சொன்ன பிறகு, மறுமுனையில் இருப்பவர் தாமாக வைக்கும்வரை நான் வைப்பதில்லை. பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.